எலிச் சிரைத் தையல் அடைத்துக்கொள்கிறது: யோசனை சொல்லுங்கள்

வேலூரில் மைக்ரோசர்ஜரி (நுண்ணோக்கியில் பார்த்து மெல்லிய ரத்தக் குழாய்களைத் தைப்பது) பழகும் முதுநிலை மாணவர்களுக்காகக் கேட்கிறோம். கோழித் தொடையில் எல்லோருக்கும் கை படிந்துவிட்டது. (கறிக்கடையில் வெட்டாத முழுத் தொடையாகக் கேட்டு வாங்குங்கள், குழாய் அறுபடாமல் இருக்கும்.) ஆனால் அதில் ரத்தம் ஓடாது, உறைவும் தெரியாது. அதனால் நெறிமுறைக் குழு அனுமதியோடு எலிக்கு வந்திருக்கிறோம்.

தொடைத் தமனி சுமார் 1 மி.மீ., 10-0 நைலானில் (முடியைவிட மெல்லிய தையல் நூல்) எட்டுத் தையல். அதில் தொல்லையில்லை. தொல்லை சிரையில்தான். ரத்தத்தை நிறுத்திவைத்த கிளாம்பை எடுத்த அரை மணிக்குள் அடைத்துக்கொள்கிறது. சுவர் மெல்லியது, தட்டையாக ஒட்டிக்கொள்ளும். ஊசி பின்சுவரையும் சேர்த்துக் கவ்விவிடும். ஹெப்பாரின் (உறைவைத் தடுக்கும் மருந்து) கலந்த சலைனைப் பீய்ச்சி, குழாய் வாயை மிதக்கவிட்டுத் தைத்தால் ஓரளவு தேவலை. குழாயின் வெளியுறையை ஒழுங்காகக் கத்தரிக்காவிட்டால் அது உள்ளே மடிந்து உறைவைக் கூட்டுகிறது.

கடைசி இரண்டு தையலை முடிச்சிடாமல் விட்டு, உள்ளே பார்த்துவிட்டு இறுக்குகிறீர்களா? அடுத்தது எலியில் சிறுநீரக மாற்று. சிறுநீரகச் சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரையின் பக்கவாட்டில் இணைக்கும்போது, தொடர்தையல் சுருக்குப்பை மாதிரி இறுகாமலிருக்க என்ன வழி?

நுனி வளைந்துபோன ஜுவல்லர் ஃபோர்செப்ஸை (கூர்நுனி இடுக்கி) நேராக்கித் தருபவர் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் யாராவது உண்டா? புதிது வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.