ஃபயான்ஸ் மணியின் அடிப்பக்கம் மட்டும் மெருகு பிடிக்கவில்லை, உதவுங்கள்

கேள்வி:
பண்டைய எகிப்தின் நீல ஃபயான்ஸ் மணிகளை (களிமண்ணுக்குப் பதில் குவார்ட்ஸ் தூளைச் சுட்டுச் செய்யும் மெருகிட்ட மணிகள்) வீட்டுச் சூளையில் செய்து பார்க்கிறேன். குவார்ட்ஸ் தூள், சலவை சோடா, கொஞ்சம் சுண்ணாம்பு, செப்பு கார்பனேட், எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டி, தட்டில் இரண்டு நாள் காயவைத்து 940 டிகிரி வரை சுட்டேன். மேல்பக்கம் அருமையான நீலம். தட்டில் பட்டிருந்த பக்கமும் விரல் பட்ட இடமும் வெறும் சொரசொரப்பு. இரண்டு மணிகள் தட்டோடு ஒட்டிக்கொண்டன. சூடு போதவில்லையா?

பதில்:
சூடு சரிதான், மேலே நீலம் வந்துவிட்டதே. கோளாறு காயவைத்ததில். இந்த முறையில் மெருகைத் தனியாகப் பூசுவதில்லை. சுவரில் உப்புப் பூக்கிற மாதிரி, ஈரம் ஆவியாகும்போது உள்ளே கரைந்த சோடா மேலே வந்து வெள்ளையாகப் படியும், அதுதான் சூளையில் உருகிக் கண்ணாடியாகிறது. காற்றுப் படாத பக்கம் பூக்காது, தொட்டால் உதிர்ந்துவிடும். அதனால் ஈரத்திலேயே குச்சியில் கோத்துத் தொங்கவிடுங்கள், சுடும்போது சூளைச் சூட்டைத் தாங்கும் நிக்ரோம் கம்பிக்கு மாற்றுங்கள். குவார்ட்ஸ் தூளைக் கையாளும்போது முகமூடி கட்டாயம்.

பதில்:
ஒட்டுகிற தொல்லை பண்டைய எகிப்தியர்களுக்கும் இருந்தது, கழிவுக் குவியலே சொல்கிறது. 1891-92இல் எகிப்தின் பழைய தலைநகரான அமர்னாவில் தோண்டிய தொல்லியலாளர் பெட்ரிக்குப் பட்டறைக் கழிவில் வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கற்கள் கிடைத்தன. சூளைத் தரையில் பரப்பியிருக்கிறார்கள் என்று அவர் எழுதினார். சூட்டில் விரிசல் விட்ட கல்லை இடிப்பதும் சுலபம், அடுத்த மாவுக்குத் தூள் தயார். உருளை ஜாடிகளின் வெளியே மெருகு அடியிலிருந்து வாய் நோக்கி வழிந்து உறைந்திருந்தது, அதை வைத்தே ஜாடியைக் கவிழ்த்து, சூளையில் மற்ற பாத்திரங்களுக்குத் தாங்கியாக வைத்தார்கள் என்று கண்டுபிடித்தார். ஒரு சொட்டு வழிந்த திசை இத்தனை சொல்கிறது! அந்த ஜாடிகளில் பல, கண்ணாடிக் கட்டிகள் வார்த்த அச்சுகள் என்பது பின்னால் வந்த ஆய்வாளர்களின் கருத்து. எகிப்தின் இன்னொரு பழைய ஊரான கான்டிரில் கிடைத்த கண்ணாடி மூசைகளின் (உருக்கும் மண்பாத்திரங்களின்) உள்ளே, ஒட்டாமலிருக்கச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். தட்டில் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் நீங்கள் தட்டில் அலுமினா (சூளைச் சூட்டில் உருகாத வெள்ளைத் தூள்) பூசுங்கள்.

பதில்:
ஈரானில் கோம் நகரத்து வழியும் உண்டு. கழுதைக்குக் கட்டும் நீல மணிகளைச் சுண்ணாம்பு கலந்த பொடிக்குள் புதைத்துச் சுடுவார்கள், பொடியைத் தட்டினால் மணி எல்லாப் பக்கமும் மெருகோடு வரும். 1960களில் நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேட்டவர்:
நன்றி. பன்னிரண்டு மணிகளைக் கம்பியில் கோத்துச் சுட்டேன். பதினொன்று முழு நீலம். ஒன்று பக்கத்து மணியோடு ஒட்டிவிட்டது, அடுத்த தடவை இடைவெளி கூட்டுகிறேன். ஒட்டிய ஜோடியை உடைக்க மனசு வரவில்லை, தேதி எழுதி வைத்திருக்கிறேன்.