வீட்டில் இறந்தவரின் உடலைப் பார்ப்பது: குடும்ப மருத்துவர்களுக்கு எப்படிப் பயிற்சி தரலாம்?

கேள்வி – ஜி.பி. (குடும்ப மருத்துவர்), கும்பகோணம்
எங்கள் சங்கத்தில் 20 பேருக்கு ஒருநாள் பயிற்சி வைக்கிறோம். வீட்டில் இறந்தவருக்கான இறப்புக் காரணச் சான்றான படிவம் 4ஏ எழுதுமுன் உடலை எப்படிப் பார்ப்பது என்பதுதான் பொருள். பலர் ஸ்டெத் வைத்து, கண்ணில் டார்ச் அடித்ததும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஸ்லைடு போதுமா, பிணவறைக்குப் போகணுமா?

பதில் – தடயவியல், மதுரை
ஸ்லைடு போதாது சார். மருத்துவக் கல்லூரி பிணவறையில் அனுமதி வாங்குங்கள். உடற்கூறாய்வுக்கு முன் வெளிப்பரிசோதனை மட்டும் செய்யவிட்டு, காரணம் என்ன, இறந்து எவ்வளவு நேரம், சான்று தரலாமா என்று எழுதி வாங்கிவிடுங்கள். திறந்த பிறகு ஒப்பிட்டால் எங்கே கோட்டை விட்டோம் என்று அவர்களுக்கே தெரியும்.

துணியை முழுவதும் அகற்றுவதும், உடலைத் திருப்பி முதுகைப் பார்ப்பதும்தான் எல்லாரும் தவிர்க்கிற இரண்டு வேலை. இமையைப் புரட்டிச் சிவப்புப் புள்ளிகள் உண்டா என்று பாருங்கள்; காதுக்குப் பின்னாலும் வாய்க்குள்ளும் தேடுங்கள். நாம் போவதற்குள் குளிப்பாட்டி, சந்தனம் பூசி, மாலை போட்டிருப்பார்கள். மாலையை எடுத்து, தாடைக்கட்டை அவிழ்த்தே கழுத்தைப் பார்க்கவேண்டும். கட்டின் தடம் தாடையிலிருந்து உச்சிக்குப் போகும். கழுத்தைச் சுற்றி ஓடினால் அது வேறு சங்கதி.

விரல் நுனி, உள்ளங்காலில் நடுவே குழிந்து ஓரம் வெளுத்து மேடாக இருந்தால் மின்சாரத்தை நினையுங்கள். தரையில் படுத்தவர் விடியலில் இறந்துகிடந்தால் கட்டுவிரியனை மறக்காதீர்கள்: வீக்கம் இருக்காது, பல்தடமும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

பதில் – ஃபாரன்சிக் பி.ஜி. (தடயவியல் முதுநிலை மாணவர்)
ஃப்ரீசர் பாக்ஸைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். இறந்தபின் ரத்தம் உடலின் தாழ்ந்த பக்கத்தில் இறங்கி நிறம் காட்டும்; குளிரில் இந்த ரத்தத் தேக்கம் இளஞ்சிவப்பாக மாறும். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு நச்சிலும் ஏறக்குறைய அதே நிறம். பெட்டியில் எப்போது வைத்தார்கள், மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடியதா என்று கேட்காமல் நிறத்தை நம்பாதீர்கள். தேக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் வெளுக்கிறதா என்று பாருங்கள்; சுமார் 6 முதல் 12 மணி நேரத்தில் அது நிலைத்துவிடும், பிறகு வெளுக்காது. மல்லாந்து கிடந்தவருக்கு அது மார்பில் நிலைத்திருந்தால் யாரோ பிறகு திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

இறந்த நேரத்தை உடல் சூட்டை வைத்துக் கணிக்கவும் பார்ப்பார்கள். ஆனால் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் சாதாரணமாக 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. மே மாத அறை வெப்பத்தில் உடல் குளிர்வதும் மிக மெதுவாகத்தான். நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முயலாமல் "இத்தனை மணிக்குள்" என்று வரம்பாக எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்
வீட்டார் முன்னால் துணியைக் கழற்றினால் சண்டை வருமே?

பதில் – தடயவியல், மதுரை
வரும். அதையும் நடித்துப் பழகச் செய்யுங்கள். இறந்தவர் பெண் என்றால் வீட்டுப் பெண் ஒருவரை உடன் வைத்து, மற்றவர்களை வெளியே அனுப்பி, "பார்க்காமல் சான்று எழுத சட்டம் விடாது" என்று ஒரே வாக்கியம். விவாதம் வேண்டாம்.

1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 10(3)-இன்படி கடைசி நோயில் சிகிச்சை தந்தவரே சான்று தரவேண்டும், அதற்குக் கட்டணமும் வாங்கக்கூடாது. பக்கத்துத் தெரு என்பதற்காக முன்பின் பார்க்காதவருக்கு எழுதாதீர்கள். திருமணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் சந்தேகமாக இறந்திருந்தால் நிறுத்திவிட்டுக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணைக்குப் போகும்.

காரணப் பகுதியில் "கார்டியாக் அரெஸ்ட்" (இதயம் நின்றது) என்று எழுதினால் எதுவும் சொன்னதாகாது. (அ) கல்லீரல் செயலிழப்பு, (ஆ) சிரோசிஸ் (கல்லீரல் இழைநார் வளர்ச்சி), (இ) மது என்று கீழே போகப்போக அடிப்படைக் காரணம் வரவேண்டும். தகனம் என்றால் பேஸ்மேக்கர் (இதயத்துடிப்புக் கருவி) இருக்கிறதா என்று நெஞ்சைத் தடவிப் பாருங்கள். எடுக்காமல் விட்டால் உலைக்குள் வெடிக்கும்.