அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, க்ளோபிடோக்ரெல் வேலை செய்யுமா என்று ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பொருநைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61, சர்க்கரை உண்டு. போன மாதம் நெஞ்சுவலி என்று போய், ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஹார்ட் அட்டாக் இல்லை, அடைப்புதான் என்றார்கள். இப்போது ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் 75, அதோடு கொழுப்பு மாத்திரை, அப்புறம் வயிற்று அமிலத்துக்காகக் காலையில் வெறும் வயிற்றில் ஒமெப்ரசோல் போடுகிறார். லண்டனில் இருக்கும் அக்கா, நம் பக்கத்து ஆட்களில் பாதிப் பேருக்கு மேல் க்ளோபிடோக்ரெல் சரியாக வேலை செய்யாதாம், ஜீன் டெஸ்ட் எடுங்கள் என்கிறாள். டாக்டரிடம் கேட்டால் தேவையில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இதற்கிடையே ஒரு லேப்காரர், நூற்றுக்கணக்கான ஜீன்களைப் பார்த்து என்ன சாப்பிடலாம் என்பது வரை சொல்கிறோம், பேக்கேஜ் எடுங்கள் என்று விடாமல் போன் செய்கிறார். இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பா, வேலை செய்யாத மாத்திரையை நான் எதற்குப் போட வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். என்ன செய்வது?

மருந்துக்கடை செல்வி:
தம்பி, முதல் வேலையாக அப்பாவிடம் பேசுங்கள். டாக்டர் சொல்லாமல் ஒரு வேளை கூட நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் இருக்கும் கம்பி வலை, அதன் மேல் உடம்பே ஒரு படலத்தை வளர்த்து மூடும் வரை அங்கே ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, அப்படி உறைந்தால் நேராக ஹார்ட் அட்டாக்தான். டெஸ்ட் எடுப்பதோ எடுக்காததோ அப்புறம்.

அக்கா சொல்வதில் விஷயம் இருக்கிறது. க்ளோபிடோக்ரெல் விழுங்கும்போது இருக்கும் வடிவத்தில் எதுவும் செய்யாது. கல்லீரலில் இருக்கும் நொதிகள், முக்கியமாக சிஒய்பி2சி19 என்ற நொதி, அதை மாற்றிய பிறகுதான் அது மருந்தாகிறது. போட்ட மாத்திரையில் சுமார் 85 சதவீதம் வேறு வழியில் சிதைந்து வீணாகிவிடும், மீதியைத்தான் இந்த நொதிகள் மாற்ற வேண்டும். அந்த நொதிக்கான ஜீன் சிலருக்குப் பழுதாக இருக்கும். அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியுமே பழுது என்றால் பலன் ரொம்பவே குறையும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-லேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டது.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது அந்த ஒமெப்ரசோல்தான். ஜீன் நன்றாக இருந்தாலும் அது இதே நொதியைத் தடுக்கும், எசோமெப்ரசோலும் அப்படித்தான். அதே வகை அமில மாத்திரையான பான்டோப்ரசோலுக்கு மாற்றலாமா என்று நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு எந்த ஜீன் டெஸ்ட்டும் வேண்டாம்.

இதயப்பிரிவு_பிஜி:
அந்த டாக்டர் விளக்கிச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் சொன்னது ஆதாரமில்லாத பேச்சு இல்லை. அமெரிக்கா, கனடா, தென்கொரியா, மெக்சிகோவில் ஸ்டென்ட் வைத்த 5,302 பேரை வைத்து டெய்லர்-பிசிஐ என்ற ஆய்வு நடந்தது, 2020-இல் முடிவு வந்தது. பழுதான ஜீன் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவில் ஒரு வருடத்தில் 5.9 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு வந்தது. ஜீனைப் பார்த்து மாத்திரையை மாற்றிய பிரிவில் 4.0 சதவீதம். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் புள்ளியியல்படி உறுதி என்று சொல்லும் கோட்டை மயிரிழையில் தவறவிட்டது. அதனால்தான் எல்லோருக்கும் எடுங்கள் என்று வழிகாட்டு நெறிகள் சொல்லவில்லை.

இன்னொன்று, ஜீன் மட்டுமே எல்லாம் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் சமூகத்தினரிடம் செய்த 2009 ஆய்வில், இந்த மருந்துக்கு ஆளுக்கு ஆள் பலன் மாறுவதில் 12 சதவீதத்தைத்தான் இந்த ஜீனின் முக்கியமான பழுது விளக்கியது. சர்க்கரை, உடல் எடை, மாத்திரையை ஒழுங்காகப் போடாதது எல்லாமே சேரும். க்ளோபிடோக்ரெலுக்குப் பதிலாகக் கொடுக்கும் டிகாக்ரெலர், பிரசுக்ரெல் இரண்டும் இந்த ஜீனை நம்பி இல்லை, ஆனால் ரத்தக்கசிவு ஆபத்து கூடுதல்.

மரபியல் மாணவி:
டாக்டர் சார், அந்த ஆய்வை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதுதான் என் வாதம். பிரிட்டனில் வாழும் பங்களாதேஷ், பாகிஸ்தான் வம்சாவளியினர் 44,000 பேருக்கு மேல் பார்த்து 2023-இல் வந்த ஆய்வில் 57 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு பிரதி பழுது. மாரடைப்புக்குப் பிறகு க்ளோபிடோக்ரெல் எடுத்தவர்களில், இரண்டும் பழுதானவர்களுக்கு மறுபடி மாரடைப்பு வரும் ஆபத்து சுமார் மூன்று மடங்கு. அக்கா சொன்ன பாதிக் கணக்கு இப்படித்தான் வந்திருக்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்த மாத்திரை கொடுக்கும் முன் ஜீனைப் பார்க்கச் சொல்லி 2024 ஜூலையில் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு பரிந்துரைத்தது. இவ்வளவு பரவலாக இருக்கும் ஒன்றை இங்கே கேட்பதற்கே ஆள் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் அந்த பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். சிஒய்பி2சி19 ஒன்றை மட்டும் கேளுங்கள். உணவுப் பட்டியல் எல்லாம் இப்போதைய அறிவியலில் அந்த அளவுக்கு உறுதியில்லை.

பொருநைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. அப்பா மாத்திரையை விடவில்லை. டாக்டர் உடனே பான்டோப்ரசோலுக்கு மாற்றினார், அந்த ஒரு ஜீன் டெஸ்ட்டுக்கும் சரி என்றார். ரிப்போர்ட்டில் *1/*2 என்று வந்திருக்கிறது. இரண்டு மாத்திரையாகப் போட்டால் சரியாகிவிடுமா என்று அப்பா கேட்கிறார்.

இதயப்பிரிவு_பிஜி:
நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். *1 நல்ல பிரதி, *2 பழுதான பிரதி, ஆக அப்பாவுக்கு அந்த நொதியின் வேலை நடுத்தரம். இந்த நிலையில் வேறு மாத்திரைக்கு மாற்றுவதா என்பது மற்ற ஆபத்துகளைப் பார்த்து எடுக்கும் முடிவு. சர்க்கரை இருப்பது மாற்றலாம் என்ற பக்கம் இழுக்கிறது. வயிற்றுப்புண், ரத்தக்கசிவு முன்பு இருந்திருந்தால் யோசிக்க வேண்டும். பக்கவாதம் வந்திருந்தால் பிரசுக்ரெல் கூடவே கூடாது. இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லுங்கள். டிகாக்ரெலர் கொடுத்தால் தினம் இரண்டு வேளை, ஒரு வேளையும் விடக் கூடாது. சிலருக்கு மூச்சு வாங்குவது போல இருக்கும், பயந்து நிறுத்திவிடாமல் உடனே டாக்டருக்கு போன் செய்யச் சொல்லுங்கள்.

அந்த *2 அப்பாவிடமிருந்து உங்களுக்கும் அக்காவுக்கும் வந்திருக்க ஆளுக்குப் பாதி வாய்ப்பு. அதற்காக இப்போதே ஓடி டெஸ்ட் எடுக்க வேண்டாம். ரிப்போர்ட்டை ஆஞ்சியோ பைலோடு வையுங்கள், ஜீன் மாறாது என்பதால் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. வேறு டாக்டர் யாராவது எசிடலோப்ராம் மாதிரி மனநல மாத்திரை எழுதினால் அவரிடமும் காட்டுங்கள், அதையும் இதே நொதிதான் கையாளுகிறது.