இரு பரிமாண மோதல்: ஒய் அச்சில் இயக்க ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

கேள்வி:
வணக்கம். உராய்வற்ற கிடைத்தளத்தில் 2 கிகி நிறையுள்ள வட்டு ஒன்று எக்ஸ் அச்சின் வழியே 6 மீ/வி வேகத்தில் சென்று, ஓய்வில் உள்ள 4 கிகி வட்டின் மீது மோதுகிறது. அதன்பின் முதல் வட்டு ஒய் அச்சின் நேர்த்திசையில் 3 மீ/வி வேகத்தில் செல்கிறது. இரு அச்சுகளுக்கும் உந்த அழிவின்மையை (நிறை × திசைவேகம் ஆகிய உந்தத்தின் கூடுதல் மாறாது என்ற விதியை) தனித்தனியே எழுதியதில், இரண்டாம் வட்டின் திசைவேகக் கூறுகள் 3 மீ/வி, −1.5 மீ/வி எனக் கிடைத்தன. இயக்க ஆற்றலையும் அவ்வாறே பிரித்தால், எக்ஸ் அச்சில் 36 ஜூல் 18 ஆகக் குறைகிறது. ஒய் அச்சில் சுழியாக இருந்தது 13.5 ஜூல் ஆகிறது. புறவிசை ஏதுமில்லாதபோது இது எப்படி?

பதில் 1:
எண்கள் அனைத்தும் சரியே. உந்தம் திசையன், அதாவது அளவும் திசையும் கொண்டது என்பதால் அதன் ஒவ்வொரு கூறும் தனியே மாறாதிருக்கிறது. இயக்க ஆற்றலோ திசையிலி, அளவு மட்டுமே கொண்டது. வேகத்தின் வர்க்கம் இரு கூறுகளின் வர்க்கங்களின் கூடுதல் என்பதால் அதைப் பிரித்து எழுத முடிகிறதே தவிர, அப்பகுதிகள் தனித்தனியே மாறாதிருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மோதும் கணத்தில் வட்டுகள் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசை இரு அச்சுகளுக்கும் சாய்வாக இருப்பதால், ஒரு பகுதி குறைய மற்றொன்று கூடுகிறது. மொத்தமாகப் பார்த்தால் 36 ஜூல் 31.5 ஆகியுள்ளது. குறைந்த 4.5 ஜூல் வெப்பமாகவும் ஒலியாகவும் உருக்குலைவாகவும் மாறியிருக்கும்.

பதில் 2:
அச்சுகளைச் சற்றுத் திருப்பி வரைந்தாலே அந்த 18, 13.5 என்ற எண்கள் மாறிவிடும், 4.5 மாறாது. ஆகவே நிறை மையத்தைக் கொண்டு கணக்கிடுவதையே நான் விரும்புகிறேன். மொத்த உந்தம் 12, மொத்த நிறை 6 கிகி என்பதால் நிறை மையம் 2 மீ/வி வேகத்தில் செல்கிறது. அதற்குரிய 12 ஜூலை எந்த மோதலாலும் குறைக்க முடியாது. சார்புத் திசைவேகத்தின் (ஒரு வட்டிலிருந்து பார்க்கையில் மற்றதன் திசைவேகத்தின்) வர்க்கம் 36 இலிருந்து 29.25 ஆகிறது. இந்த 6.75 வேறுபாட்டை, நிறைகளின் பெருக்கற்பலனைக் கூடுதலால் வகுத்து வரும் 4/3 இன் பாதியால் பெருக்கினால் அதே 4.5 ஜூல் கிடைக்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. முதல் வட்டின் இறுதி வேகம் 4 மீ/வி எனத் தரப்பட்டிருந்தால்?

பதில் 2:
உந்தச் சமன்பாடுகள் அதையும் தடையின்றி ஏற்கும், ஆனால் இறுதி இயக்க ஆற்றல் 42 ஜூல் என வரும். அழுத்தி வைத்த சுருள்வில் போன்ற ஓர் ஆற்றல் மூலம் வட்டுகளுக்குள் இருந்தாலன்றி அது நடவாது. செங்குத்தாகத் திரும்பும் முதல் வட்டுக்கு இம்மோதலில் உச்ச வேகம் 12 இன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 3.46 மீ/வி; மோதல் முழு மீட்சியுடையதாக, அதாவது இயக்க ஆற்றல் இழப்பே இல்லாததாக இருந்தால் மட்டுமே அவ்வேகம் கிட்டும்.