3ஏ அறிவிப்பு வந்ததுமே பட்டாவில் பெயர் மாறிய கதை

எங்கள் நிலத்தில் ஒரு பகுதி தேசிய நெடுஞ்சாலைக்குப் போனது. போனதைவிட, போன விதம்தான் இன்னும் உறுத்துகிறது.

1956ஆம் வருட தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, 3ஏ அறிவிப்பு என்றால் நிலத்தை எடுக்க உத்தேசம் என்று மட்டும்தான் அர்த்தம். 21 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம், நம்மைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். 3டி அறிவிப்பு வந்த பிறகே நிலம் அரசைச் சேரும். எங்களுக்கு 3ஏ மட்டும் வந்திருந்த சமயம், பயிர்க்கடனுக்காக அப்பா சிட்டா எடுத்தார். உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு அரசுத் துறையின் பெயர். கிணறும் அதே சர்வே எண்ணில்தான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரும்மா வித்தது?" என்று என்னைக் கேட்டார். கடன் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டால், "எப்படியும் எடுக்கத்தானே போறாங்க" என்றார்கள்.

நான் இடஒதுக்கீட்டில் படித்தவள். அரசு துணிந்து இறங்கியிராவிட்டால் எங்கள் வீட்டில் பட்டதாரியே கிடையாது. அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும் என்று என்னால் ஒருநாளும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடஒதுக்கீடே எப்படி நிலைத்தது? செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்துக் கொடுத்த சென்னை அரசின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூனிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கியவர்களுக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்கிற 15(4) பிரிவு சேர்ந்தது. நாடாளுமன்றத்தில், ஊரறிய விவாதித்துச் செய்தார்கள். எங்கள் பட்டா யாருக்கும் சொல்லாமல் ஏதோ ஒரு கணினியில் மாறியது.

1978இன் 44ஆவது திருத்தத்தால் சொத்துரிமை அடிப்படை உரிமையாக இல்லாமல் போனது உண்மைதான். ஆனாலும் அரசியலமைப்பில் 300ஏ பிரிவு இருக்கிறது, சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. சென்னை–சேலம் சாலை வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 3ஏ அறிவிப்பு செல்லும் என்றது. அந்தக் கட்டத்திலேயே வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றியதை மட்டும் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பை நகலெடுத்து மனுவோடு வைத்தோம். அப்பா பெயர் திரும்ப ஏறியது.

அப்புறம் முறைப்படி விசாரணை நடந்தது. கிணறு தப்பவில்லை. ஆனால் அப்பா அதிகாரி முன்னால் உட்கார்ந்து, தண்ணீர் எந்தப் பக்கத்து ஊற்றிலிருந்து வருகிறது என்பதுவரை சொன்னார், அவர் எழுதிக்கொண்டார்.

3ஏ வந்திருப்பவர்கள் இன்றைக்கே இணையத்தில் சிட்டாவைப் பாருங்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, கையோடு ஒப்புகை வாங்கிவிடுங்கள்.