இன்கா கற்களைப் பார்க்கப் போனவர்கள் வாருங்கள்: வழிகாட்டி சொன்னதும் நாம் கண்டதும்

மலைக்காத்து

ஸ்பானியர் வருமுன் இன்காக்கள் ஆண்ட தென்னமெரிக்கப் பெருவுக்குப் போய்வந்ததிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. மொத்தமாக இங்கே கொட்டிவிடுகிறேன். போனவர்கள் உங்கள் பங்குக்கு எழுதுங்கள்.

நாங்கள் எடுத்தது ஒரு வாரத்துக்குள் முடிகிற சின்ன டூர். குஸ்கோ நகரம், புனிதப் பள்ளத்தாக்கு என்கிற உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கு, மலைமுகட்டு இன்கா ஊரான மச்சு பிச்சு, அவ்வளவுதான். கடைசிவரை கூட வந்தவர் ஒரே வழிகாட்டி அம்மா. அந்த மலை மக்களின் கெச்சுவா மொழி பேசி வளர்ந்தவர், ஐம்பதை ஒட்டிய வயது. விமான நிலையத்தில் வேனில் ஏற்றியவர் ஊருக்குள் போகவே இல்லை, நேரே பள்ளத்தாக்கில் கொண்டுபோய் இறக்கினார். சாயங்காலம் குஸ்கோ சதுக்கத்தைச் சுற்றலாம் என்று கனவோடு வந்த இரண்டு பேருக்கு முகம் தொங்கிவிட்டது.

காரணம் உயரம். குஸ்கோ 3,400 மீட்டர், பள்ளத்தாக்கில் இருக்கிற ஒயாந்தாய்தம்போ 2,800 மீட்டர், மச்சு பிச்சு இன்னும் கீழே, 2,430. காலையில் லீமா கடற்கரையில் கண்விழித்துவிட்டு மதியம் 3,400 மீட்டரில் இறங்கினால் உடம்பு சும்மா இருக்காது. தலைவலி, குமட்டல், ராத்திரி தூக்கம் கிடையாது. சொரோச்சே என்பார்கள் அங்கே. முதலில் தாழ்வான இடம், கடைசியில் குஸ்கோ என்று வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. டூர் எடுக்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த வரிசையைத்தான். ஹோட்டல் நட்சத்திரமெல்லாம் அப்புறம்.

அந்த அம்மாவிடம் ஒரு பழக்கம். எதைச் சொன்னாலும் "இது ஏட்டில் இருக்கிறது", "இது ஆராய்ச்சிக்காரர்கள் ஊகம்", "இது உங்களுக்காக நாங்கள் சொல்கிற கதை" என்று மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. குஸ்கோ பூமா என்கிற மலைச்சிங்கத்தின் வடிவில் கட்டின ஊர், மேலே இருக்கிற சக்சய்வாமன் கோட்டைதான் அதன் தலை என்று எந்த வழிகாட்டியும் சொல்லாமல் விடமாட்டார். ஸ்பானியர் எழுதிவைத்ததில் பூமா பேச்சு உண்டுதான், ஆனால் அது ஊரின் வரைபடமா வெறும் உவமையா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை என்றார். மோராய் என்ற இடத்தில் வட்ட வட்டமாகக் குழிக்குள் இறங்கும் வயல்களைக் காட்டி, "பயிர் ஆராய்ச்சிக்கூடம் என்று பலகையில் எழுதுவார்கள், ஊகம்" என்று முடித்துக்கொண்டார். இன்காக்கள் கணக்கு வைத்தது கீபு என்கிற முடிச்சுக் கயிற்றில். அதில் எண்ணிக்கையைப் படிக்க முடிகிறது. மோராயில் எதை, எதற்காக நட்டார்கள் என்பதற்குக் கயிறும் இல்லை, ஏடும் இல்லை.

ஏட்டில் இருப்பதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். கொரிகாஞ்சா, குஸ்கோவின் சூரியன் கோயில். 1532-இல் காஹமார்கா ஊரில் ஸ்பானியர் இன்கா மன்னன் அத்தவால்பாவைப் பிடித்துவைத்துப் பிணைப்பொன் கேட்டபோது, இந்தச் சுவரில் பதித்திருந்த பொன் தகடுகளைப் பெயர்த்துக் கொடுத்தார்கள். பொன்னை வாங்கிக்கொண்டு ஆளையும் கொன்றுவிட்டார்கள். பிறகு கோயில் சுவர்மேலேயே சாந்தோ டொமிங்கோ என்கிற கிறிஸ்தவ மடம் எழும்பியது. 1950 மே மாதம் வந்த நிலநடுக்கத்தில் மேலே ஸ்பானியர் கட்டியது நொறுங்க, உள்ளே மறைந்திருந்த இன்காச் சுவர் அப்படியே வெளியே வந்தது.

சக்சய்வாமனில், சில 100 டன்னைத் தாண்டும் என்கிற சுண்ணாம்புக் கற்கள் ரம்பப் பல் மாதிரி மூன்று அடுக்காக நிற்கின்றன. இன்று நாம் பார்ப்பது மிச்சம்தான். தூக்க முடிந்த கல்லையெல்லாம் ஸ்பானியர் பேராலயத்துக்கும் வீடுகளுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். தூக்க முடியாதது தப்பியது. எதிர்மேட்டில் வழவழவென்று வரிவரியாகத் தேய்ந்த ஒரு பாறை உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசைகட்டி அதில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வழிகாட்டி அம்மாவும் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு முறை சறுக்கினார். "இது எந்த வகை?" என்று கேட்டேன். "இது நான் சின்ன வயதிலிருந்து செய்வது" என்றார்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

நல்ல தொடக்கம் தம்பி. நான் பொதுப்பணித் துறையில் கல்லோடும் தண்ணீரோடும் காலம் கழித்தவன். எனக்கு ஒயாந்தாய்தம்போதான் எல்லாவற்றுக்கும் மேலே.

எங்கள் வழிகாட்டி இளவட்டம். ஏதோ ஒரு பச்சிலைச் சாற்றில் கல்லை இளக்கிப் பிசைந்தார்கள் என்று ஆரம்பித்தார். மரியாதைக்காகச் சும்மா இருந்தேன். மேலே ஏறினால் இளஞ்சிவப்பு நிறத்தில் ஆறு பெரிய கற்பாளங்கள் நிற்கின்றன. இரண்டு பாளத்துக்கு நடுவே மெல்லிய கல் பட்டை. வேலை முடியாமலே நின்றுபோன கோயில். இந்தக் கல் அந்த மலையில் கிடைப்பது இல்லை. ஆற்றுக்கு அக்கரையில், உயரத்தில் இருக்கிற கச்சிக்காத்தா குவாரியிலிருந்து சரிவில் இறக்கி, உருபம்பாவைத் தாண்டி, இந்தப் பக்கம் மண் சாய்தளம் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். சாய்தளம் இன்றும் தெரிகிறது. வழியில் இழுக்க முடியாமல் போட்டுவிட்டுப் போன கற்களும் கிடக்கின்றன. களைத்த கற்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

பச்சிலைக் கதைக்குப் பதில் கல்லிலேயே இருக்கிறது. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். கல் முகம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். நடுவில் பெரிய குழி, ஓரத்துக்கு வர வரச் சின்னதாகி, இணைப்புக்குப் பக்கத்தில் பொடிக் குழி. நடுவில் கனமான உருண்டைக் கல்லால் அடித்து, ஓரம் சிதறிவிடக் கூடாது என்று அங்கே சின்னக் கல்லால் தட்டியிருக்கிறார்கள். ழான்-பியேர் புரோட்சன் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் 1980களில் இந்தக் குவாரிகளில் உட்கார்ந்து ஆற்றுக் கல்லால் தானே அடித்துப் பார்த்தார். இதே குழிதான் விழுந்தது. இரும்பு இல்லாத ஆட்கள் கல்லால் கல்லை அடித்தார்கள். பொறுமையும் ஆள்பலமும் இருந்தது. கேட்க சுவாரசியம் இல்லை என்பதற்காகப் பச்சிலையைக் கொண்டுவந்தால் அந்தக் கொத்தனுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் யாருக்குப் போகிறது?

இன்னொன்று, அந்தக் கோயிலுக்குக் கீழே இருக்கும் ஊர். தெருவோரம் கல் வாய்க்கால், அதில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது, இன்காக் காலத்து மனை அமைப்பிலேயே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 1537-இல் ஸ்பானியரை எதிர்த்து எழுந்த மன்னன் மாங்கோ இன்காவைப் பிடிக்க ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ பிசாரோ குதிரைப்படையோடு வந்தபோது, தண்ணீரைத் திருப்பிவிட்டுச் சமவெளியைச் சகதியாக்கிக் குதிரைகளை மடக்கினார்கள். ஸ்பானியர் பின்வாங்கினார்கள். இந்தச் சண்டையைச் சொன்னபோது அந்த இளவட்டத்துக்குக் கண் மின்னியது, அதற்காகப் பச்சிலையை மன்னித்துவிட்டேன்.

மச்சு பிச்சுவிலும் நான் பார்த்தது வடிகால்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மி.மீ. மழை கொட்டும் ஒரு முகட்டில் ஊர். கென்னத் ரைட் என்ற அமெரிக்க நீர்ப் பொறியாளர் குழு அளந்து சொன்னதை எங்கள் வழிகாட்டியும் சொன்னார்: ஊற்றிலிருந்து வரும் வாய்க்கால் 749 மீட்டர், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் விழும் 16 தொட்டிகள், கட்டுமான உழைப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடு மண்ணுக்கு அடியில். போட்டோவில் வராத வேலைதான் அந்த ஊரை 500 வருஷம் சரியாமல் பிடித்துவைத்திருக்கிறது.

எரிச்சல்காரன்

எல்லாரும் இப்படிப் பாக்கியசாலிகள் இல்லை. நாங்கள் ஒரே நாளில் பள்ளத்தாக்கு முழுக்க என்று விலை குறைந்த பஸ் டூர் எடுத்தோம். கம்பெனி பெயர் வேண்டாம். பிசாக்கில் மலைமேல் அடுக்கு வயல், எதிர்ப் பாறையில் பொந்து பொந்தாக இன்காக் கல்லறைகள், எல்லாம் பஸ் ஹாரன் சத்தத்தோடு. ஒயாந்தாய்தம்போவில் ஓவர்சியர் ஐயா சொல்கிற ஆறு கல்லுக்குக் கீழ்ப்படியிலேயே கொடியை ஆட்டிக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆனால் வெள்ளிக் கடை, அல்பாக்கா கம்பளிக் கடை, பஃபே சாப்பாடு, இதற்கெல்லாம் நேரம் தாராளம்.

நியாயமாகச் சொன்னால், சின்சேரோவில் நெசவுக்காரப் பெண்கள் காட்டியதை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கள்ளிச்செடியில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பூச்சியை ஒரு அக்கா உள்ளங்கையில் நசுக்கினார், ரத்தச் சிவப்பு. அதில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டதும் ஆரஞ்சுக்குத் திரும்பியது. அதையே உதட்டில் பூசிக்கொண்டு, "லிப்ஸ்டிக்" என்று சிரித்தார். அப்புறம் மேஜை விரிப்பு விலையைக் கேட்டு நாங்கள் சிரிக்கவில்லை.

புக் பண்ணும் முன் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

சாம்பார்சாதம்

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், கீன்வா என்கிற தானிய சூப்பும் உருளைக்கிழங்கும் எங்கேயும் உண்டு. சூப்பில் கோழித் தண்ணீர் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். கினிப் பன்றியை முழுசாக வறுத்துத் தலையோடு தட்டில் வைப்பார்கள், பக்கத்து மேஜையைப் பார்க்காமல் சாப்பிடப் பழகுங்கள்.

எங்கள் வழிகாட்டி தன் சித்தி வீட்டில் சுன்யோ காட்டினார். உருளைக்கிழங்கை ராத்திரிப் பனியில் விரித்து உறையவைத்து, காலையில் வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, வெயிலில் காயவைப்பது. இப்படியே சில நாள். கடைசியில் சுருங்கிக் கறுத்து, கையில் எடுத்தால் கனமே இல்லை. வருஷக்கணக்கில் கெடாது. இன்காக்களின் களஞ்சியங்களை நிரப்பியதில் இதுவும் ஒன்று. ஒயாந்தாய்தம்போவுக்கு எதிர்மலைச் சரிவில் காற்றோட்டமாகக் கட்டிய அந்தக் களஞ்சியங்கள் இன்னும் நிற்கின்றன, ஏறிப் பார்க்கலாம், நாங்கள் போனபோது டிக்கெட் கேட்கவில்லை. சுன்யோ ருசி? குழம்பில் போட்டுச் சாப்பிட்டால் பரவாயில்லை. அதற்குமேல் கேட்காதீர்கள்.

நடுக்கடல்

கப்பல் வேலைக்காரன். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். உயரத்துக்கு நல்லது என்று எல்லா ஹோட்டலிலும் கோகா இலைத் தேநீர் தருவார்கள். அங்கே அது சட்டப்படி சரி, தாராளமாகக் குடிக்கிறார்கள். ஆனால் வேலையில் போதைப்பொருள் சோதனை உள்ளவர்கள் ஒரு கோப்பைகூடத் தொடாதீர்கள், சிறுநீரில் கொக்கெய்ன் என்றே காட்டும். இலையையோ தேநீர்ப் பையையோ ஊருக்கு எடுத்துவரவும் வேண்டாம், பல நாடுகளில் குற்றம். உயரத்துக்கு மாத்திரை வேண்டுமென்றால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

பெட்டிபடுக்கை

மலைக்காத்து அண்ணா, மச்சு பிச்சுவை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! டிக்கெட் விவகாரத்தையும் சொல்லுங்கள். பிப்ரவரியில் போகலாமா?

மலைக்காத்து

டிக்கெட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே தம்பி. 2024-இலிருந்து உள்ளே மூன்று சுற்றுப் பாதை, அதற்குள் கிளைப் பாதைகள். டிக்கெட்டில் எந்தப் பாதை, எந்த மணி என்று அச்சாகியிருக்கும். எல்லாரும் போட்டோ எடுக்கும் அந்த மேல்மேடையும் கோயில்களும் எல்லாப் பாதையிலும் வராது. வாங்கும்போதே எது வேண்டும் என்று முடிவு பண்ணிவிடு. பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். உள்ளே கழிவறை கிடையாது, வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள்.

அங்கே எங்கள் வழிகாட்டி அம்மாவிடம் ஒருவர், "1911-இல் அமெரிக்கர் ஹைரம் பிங்காம் கண்டுபிடித்தபோது இங்கே யார் இருந்தார்கள்?" என்று கேட்டார். "குடும்பங்கள் இருந்தன. இந்த அடுக்கு வயலில் சோளம் போட்டிருந்தார்கள். பிங்காமுக்கு வழி காட்டியது ஒரு சின்னப் பையன்" என்றார். பிங்காமுக்கு முன்பே அகுஸ்டின் லிசாராகா என்ற குஸ்கோக்காரர் 1902-இல் வந்து சுவரில் தன் பெயரைக் கரியால் எழுதிவிட்டுப் போனார். பிங்காமே அதைக் குறித்துவைத்திருக்கிறார். "இது ஏட்டில் இருக்கிறது" என்று அந்த அம்மா அழுத்திச் சொன்னார். பிங்காம் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன பொருள்கள் நூறு வருஷம் கழித்து, 2011, 2012-இல்தான் திரும்ப வந்தன. அவை இப்போது குஸ்கோவில் உள்ள காசா கொஞ்சா அருங்காட்சியகத்தில். கூட்டமே இல்லை, தவறவிடாதே.

மச்சு பிச்சுவில் இந்திவத்தானா என்கிற செதுக்கிய கல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும். 2000-இல் பீர் விளம்பரம் எடுக்க வந்தவர்களின் கிரேன் விழுந்த இடம். குஸ்கோ தெருவில் எல்லாரும் தேடிப்போகும் பன்னிரண்டு மூலைக் கல்லையும் 2025 பிப்ரவரியில் ஒருவன் சுத்தியலால் கொத்திவிட்டான். கத்திமுனை நுழையாத இணைப்பு என்று மெய்சிலிர்க்கும் அந்தக் கல்லுக்கு இப்போதைய எதிரி நிலநடுக்கம் இல்லை.

பிப்ரவரி பற்றி: மச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் இன்கா நடைபாதையை அந்த மாதம் முழுக்க மூடிவிடுவார்கள், மச்சு பிச்சு திறந்திருக்கும். ஆனால் மழைக்காலம். 2010 ஜனவரியில் வெள்ளத்தில் ரயில் பாதை அறுந்து ஆயிரக்கணக்கானவர்களை ஹெலிகாப்டரில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். மே அல்லது செப்டம்பர் பார். ஜூன் 24 இந்தி ராய்மி என்கிற சூரிய விழாவுக்குச் சக்சய்வாமன் நிரம்பி வழியும், அப்போது குஸ்கோவில் அறை கிடைப்பதே பாடு.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

காசா கொஞ்சாவுக்கு நானும் போனேன். உள்ளே போனதும் பானைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அந்த வீடே ஸ்பானியர் காலத்தில் இன்காச் சுவர்மேல் எழுப்பியதுதான். அடிச்சுவரையும் பாருங்கள், குழி எப்படி ஓரத்தில் பொடிசாகிறது என்று அங்கே கூட்ட நெரிசல் இல்லாமல் நிதானமாகக் கவனிக்கலாம்.