[கலைச்சொல்] நீராவி என்ஜின் 'ஓவர்ஹால்' – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

குறிஞ்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிறுவர் அறிவியல் இதழ் ஒன்றுக்காக ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பிரிட்டனில் தன்னார்வலர்கள் நடத்தும் பாரம்பரிய ரயில் பாதைகளில் நீராவி என்ஜின்களை எப்படி ஓட்டுகிறார்கள், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பொருள். வெள்ளி மாலை ஆசிரியரிடம் கொடுத்தாக வேண்டும்.

சிக்கல் 'ஓவர்ஹால்' என்ற சொல். அங்கே கொதிகலனுக்குப் பொதுவாகப் பத்தாண்டுச் சான்றிதழ். அது முடிந்ததும், என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். கொதிகலனைச் சட்டகத்திலிருந்து தூக்கி எடுத்து, குழாய்களை உருவி, கரி எரியும் உலைப்பெட்டியின் தகடுகளைச் சோதித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றி, நீரழுத்தச் சோதனையும் ஆவிச் சோதனையும் முடித்தால்தான் அடுத்த சான்றிதழ். 'பழுதுபார்ப்பு' என்று போட்டால் ஏதோ உடைந்துபோனது போலத் தொனிக்கிறது. 'பராமரிப்பு' என்றால் தினமும் எண்ணெய் விட்டுத் துடைக்கிற வேலை. இரண்டும் ஒட்டவில்லை.

இன்னொன்று 'ஸ்டீமிங் ஃபீ'. என்ஜின் பல சமயம் ரயில் பாதைக்குச் சொந்தமாக இருப்பதில்லை. தனியாக ஒரு குழுவோ அறக்கட்டளையோ வைத்திருக்கும். வேல்ஸில் பாரி என்ற ஊரில் இருந்த உட்ஹாம் சகோதரர்களின் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து மட்டும் 213 என்ஜின்களை மீட்டிருக்கிறார்கள். பலவற்றைச் சிறு சிறு குழுக்கள் காசு சேர்த்து வாங்கின. அதனால் என்ஜின் ஓடுகிற ஒவ்வொரு நாளுக்கும் ரயில் பாதை அந்தக் குழுவுக்கு ஒரு தொகை கொடுக்கிறது. அடுத்த ஓவர்ஹாலுக்கு அதைச் சேர்த்து வைக்கிறார்கள். இதற்கும் ஒரு சொல் வேண்டும்.

---

பொன்மலையான் எழுதியது:

அம்மா, எங்கள் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இதற்கு ஒரே சொல்தான்: பி.ஓ.எச். பீரியாடிக் ஓவர்ஹால் என்பதன் சுருக்கம். "வண்டி பி.ஓ.எச்.சுக்கு வந்திருக்கு", "பி.ஓ.எச். முடிஞ்சு குன்னூர் போயிடுச்சு" என்போம். தமிழ்ச் சொல் கேட்டால் சிரிப்பார்கள்.

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு என்ஜின்களுக்கும் இதே கதைதான். பழையவை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. பின்னால் பொன்மலையிலேயே புதிதாகச் செய்தோம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். நடுவில் ஓடும் பல்தண்டவாளத்தைப் பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறும்போது தேய்மானம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டுரையில் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். உலைப்பெட்டியின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் பிடித்து நிறுத்த நூற்றுக்கணக்கில் 'ஸ்டே' கம்பிகள் இருக்கும். சோதிப்பவர் உள்ளே குனிந்து போய் ஒவ்வொரு கம்பியின் தலையையும் சின்னச் சுத்தியலால் தட்டுவார். நல்ல கம்பி கணீர் என்னும். உள்ளே முறிந்தது 'டொப்' என்னும். கம்பியின் நடுவில் சிறு துளையும் போட்டிருப்பார்கள். முறிந்தால் அதன் வழியாக ஆவி கசிந்து காட்டிக்கொடுக்கும். ஓவர்ஹாலில் பாதி நேரம் இந்த மாதிரி வேலைதான்.

---

செஞ்சொல் எழுதியது:

> ஒர்க்‌ஷாப்பில் இதற்கு ஒரே சொல்தான்: பி.ஓ.எச்.

பணிமனை என்று எழுதினால் கை வலிக்குமா ஐயா?

குறிஞ்சி அவர்களுக்கு: சொல் நம்மிடமே இருக்கிறது. செப்பனீடு. 'செம்மை'யின் அடியாகப் பிறந்தது செப்பம். செப்பமாக்குவது செப்பனிடுதல். அதன் முதனிலையை நீட்டினால் செப்பனீடு. குறைபாடு, மேம்பாடு, வெளியீடு போல முதனிலை திரிந்து வரும் பெயர்களின் வரிசையில் இயல்பாக நிற்கும். 'முழுச் செப்பனீடு' என்றால் ஐயமே இல்லை.

இதில் ஓர் அழகும் உண்டு. செம்மையிலிருந்தே செம்பு. செம்பே தொகையில் செப்பு. நீராவிப்பொறியின் உலைப்பெட்டி உள்தகடு செம்பால் ஆனது. ஆக, செப்புத் தகட்டைச் செப்பம் செய்வது செப்பனீடு. செம்மை, செவ்வை, செப்பம், செப்பு என இந்த வேர் எங்கெங்கே ஓடுகிறது என்று தனியே ஒரு மடல் எழுதுகிறேன்.

'என்ஜின்' என்பதையும் கைவிட வேண்டும். பொறி அல்லது உந்துபொறி.

---

பொன்மலையான் எழுதியது:

எல்லா உலைப்பெட்டியும் செம்பு இல்லை ஐயா. 2008இல் இங்கிலாந்தில் புதிதாகச் செய்த டொர்னேடோ என்ஜினுக்கு எஃகு. அமெரிக்காக்காரன் பெரும்பாலும் எஃகுதான். அப்போது எஃகனீடு என்பதா?

---

வல்வை எழுதியது:

வணக்கம். எங்கட பக்கம் 'திருத்தம்' என்றுதான் கதைக்கிறது. வாகனம் திருத்துறது, சைக்கிள் திருத்துற கடை, எல்லாம் அப்படித்தான். 'முழுத்திருத்தம்' என்று போட்டால் இலங்கைப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். தமிழ்நாட்டில் திருத்தம் என்றால் பரீட்சைத் தாள் திருத்துறது மட்டும்தானாம். அது உங்கட பிரச்சினை.

கட்டுரையில் 'ரயில்' என்று வருகுது. புகையிரதம் என்று ஒரு இடத்திலாவது போடுங்கோ. நீராவி என்ஜினைப் பற்றிய கட்டுரையில்தானே அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே பொருள் இருக்கு. டீசல் வண்டிக்குச் சொன்னால்தான் பொருத்தமில்லை.

---

காந்திபுரம் எழுதியது:

நான் இரண்டு சக்கர வண்டி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எங்கள் பையன்கள் 'ஓவராயில்' என்பார்கள். ஆயில் மாற்றுகிற வேலை என்றே பாதிப் பேர் நினைக்கிறார்கள்! வாடிக்கையாளரிடம் "என்ஜினை இறக்கணும்ண்ணா" என்றால் போதும், முகம் வெளுத்துவிடும், எவ்வளவு செலவு என்று அவருக்கே புரியும். ஆகவே 'இறக்கிப் பார்த்தல்'. அல்லது 'பிரித்து மாட்டுதல்'. செய்கிற வேலையை அப்படியே சொல்கிற சொற்கள்.

---

செஞ்சொல் எழுதியது:

குறிஞ்சி அவர்கள் விளக்கிய வேலையில் கொதிகலனை ஏற்றுகிறார்கள், இறக்கவில்லை. 'பிரித்து மாட்டினான்' என்று ஒரு மாணவன் எழுதினால் நான் யாரோ அடி வாங்கியதாகத்தான் படிப்பேன்.

---

குறிஞ்சி எழுதியது:

நன்றி. சொல் எப்படிப்பட்ட வாக்கியத்தில் உட்கார வேண்டும் என்று காட்டினால் உதவியாக இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று இடங்கள்:

ஒன்று. 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்' என்ஜினைப் பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் 2004இல் வாங்கியது. அதன் ____ முடிந்து 2016இல் மறுபடி ஓடியபோது ஆகியிருந்த செலவு 42 லட்சம் பவுண்டு.

இரண்டு. டொர்னேடோ வகையில் முன்பு இருந்த 49 என்ஜின்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1990இல் ஒரு குழு ஆளுக்கு வாரம் ஒரு கிளாஸ் பீர் விலையைக் கொடுங்கள் என்று கேட்டுச் சேர்க்கத் தொடங்கி, சுமார் 30 லட்சம் பவுண்டில் புதிய என்ஜினையே செய்துவிட்டது. ஆனால் செய்து முடித்ததோடு செலவு முடியவில்லை. அதற்கும் ____ வந்தது.

மூன்று. நிலக்கரி விலை ஏறிவிட்டது. வேல்ஸின் ஃபோஸ்-இ-ஃப்ரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடிய பிறகு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு போக மிஞ்சுவதில்தான் அடுத்த ____க்கு ஒதுக்க வேண்டும்.

(பீர் விஷயத்தை ஆசிரியர் எடுத்துவிடச் சொல்கிறார், சிறுவர் இதழ் என்பதால். 'ஒரு டம்ளர் காபி' என்று மாற்றலாமா என்கிறார். மனம் ஒப்பவில்லை.)

---

தில்லைவாசி எழுதியது:

இவ்வளவு நேரம் ஏன் யாரும் சொல்லவில்லை? இது திருப்பணி! பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கோயிலில் நடப்பதேதான். பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலம் வந்தால் செய்தாக வேண்டும். சந்நிதியை மூடிப் பாலாலயம் செய்கிறோம், என்ஜினைக் கொட்டகையில் நிறுத்துகிறார்கள். ஊரெல்லாம் வசூல், பலகையில் உபயதாரர் பெயர், எதிர்பார்த்ததைவிட இரண்டு பங்கு செலவு, சொன்ன தேதிக்கு முடியாமை, கடைசியில் கூட்டத்தோடு குடமுழுக்கு. வாரம் ஒரு பீர் கொடுத்தவர்களுக்குக் 'கட்டளைதாரர்' என்பதே சரியான சொல். நம்மிடம் ஒரு முழு நிதி ஏற்பாடே இருக்கிறது. ஒரே ஒரு சொல்லைத் தேடுவானேன்?

---

வல்வை எழுதியது:

நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் 'திரு' எதுக்கு? என்ஜின் சாமி இல்லையே.

---

பொன்மலையான் எழுதியது:

ஆயுத பூஜை அன்றைக்கு ஒர்க்‌ஷாப் பக்கம் வந்து பாருங்கள், சாமியா இல்லையா என்று தெரியும்.

தில்லைவாசி சொன்னது மனதுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கிலாந்துச் சங்கதிக்கு அது பொருந்தும் அளவு நம்ம ஊர் வண்டிக்குப் பொருந்தாது. நீலகிரி வண்டிக்கு உபயதாரர் கிடையாது, ரயில்வே பட்ஜெட்தான். யுனெஸ்கோ 2005இல் பட்டியலில் சேர்த்தது என்பதற்காக அங்கிருந்து பணம் வருவதும் இல்லை. அங்கே, வேல்ஸின் தாலிலின் ரயில் பாதையில் 1951இலிருந்தே தன்னார்வலர்கள் டிக்கெட் கிழித்து, கரி அள்ளி, வண்டி ஓட்டுகிறார்கள். உலகத்திலேயே முதலில் அப்படிச் செய்தது அவர்கள்தான். பணம் வருகிற வழி வேறு, ஆனால் இரண்டு இடத்திலும் செய்கிற வேலை ஒன்று. சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

---

செஞ்சொல் எழுதியது:

திருப்பணியை ஏற்க முடியாது. பொருள் ஏற்கெனவே நிலைபெற்ற சொல்லை இழுத்து வருவது கலைச்சொல்லாக்கம் அல்ல. 'உபயம்' வடசொல். வகுப்பறையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும்.

சேமிப்புப் பகுதிக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அடுத்த செப்பனீட்டுக்கு ஒதுக்கும் பணத்தைச் 'சேம நிதி' என்னலாம். புறநானூற்றில், மேடோ பள்ளமோ என்று தெரியாத வழியில் போகும் உமணர் எனும் உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் கட்டிய சேம அச்சு, அதாவது மாற்று அச்சு, எல்லாருக்கும் நினைவிருக்கும். வண்டி ஓடுகிறபோதே முறிவுக்கு ஆயத்தமாக இருப்பது தமிழருக்குப் புதிதல்ல.

---

காந்திபுரம் எழுதியது:

சேம நிதி அருமை. ஆனால் எங்கள் கடையில் வந்து "உங்க வண்டிக்கு முழுச் செப்பனீடு செய்யணும்" என்று சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

ஸ்டீமிங் ஃபீக்கு என் வாக்கு: 'ஆவிக்கூலி'.

---

வல்வை எழுதியது:

ஆவிக்குக் கூலியோ? பேய்க் கதை எண்டு நினைக்கப் போகுதுகள்.

---

காந்திபுரம் எழுதியது:

சிறுவர் இதழ்தானே. அதனாலேயே படிப்பார்கள்.

---

செஞ்சொல் எழுதியது:

'நீராவி நாட்கூலி' என்று முழுதாகச் சொன்னால் குழப்பம் இல்லை. கொதிகலன் சான்றிதழுக்கு யாரோ தனிமடலில் 'கொதிகலன் சீட்டு' என்று பரிந்துரைத்திருக்கிறார். சீட்டு என்றாலே நம் மக்களுக்கு ஏலச்சீட்டுதான் நினைவுக்கு வரும். 'சீட்டு முடிந்த என்ஜின்' என்றால் யார் தள்ளுபடியில் எடுத்தார் என்று கேட்பார்கள்.

மேலும் தண்டவாளம் என்ற சொல்லைப் பற்றி. தண்டு, வாளம் என இரண்டாகப் பிரித்து, வாளம் என்பதை வாள் என்பதோடு இணைக்கலாம் என்பது என் ஊகம். 'வண்டவாளம்' அதற்கு எதுகையாகப் பிறந்த வெற்றுச் சொல்லா, தனி வேர் உள்ளதா...

---

மட்டறுத்துநர் எழுதியது:

ஐயா, வண்டவாளத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே ஏற வேண்டாம். வியாழன் இரவுக்குள் ஆளுக்கு ஒரு வரியில் வாக்கைச் சொல்லிவிடுங்கள். குறிஞ்சிக்குத் தூக்கம் வேண்டும்.

---

பொன்மலையான்: முழுச் செப்பனீடு. பி.ஓ.எச். என்று தமிழில் எழுத முடியாது என்பதால்.

வல்வை: முழுத்திருத்தம்.

காந்திபுரம்: ஓவராயில். சரி, எழுத்தில் என்றால் செப்பனீடு.

தில்லைவாசி: திருப்பணி.

செஞ்சொல்: செப்பனீடு. 'முழு' கூடத் தேவையில்லை. செப்பம் என்றாலே முழுமைதான்.

---

குறிஞ்சி எழுதியது:

அனுப்பிவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் 'முழுச் செப்பனீடு' என்று போட்டு, ஒரே வாக்கியத்தில் ஸ்டே கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதைச் சேர்த்தேன். சொல்லை விளக்க அதைவிட நல்ல வழி தெரியவில்லை. நாள் கட்டணத்துக்கு 'நீராவி நாட்கூலி'. சேம நிதி அப்படியே. காபி இல்லை, பீரும் இல்லை, 'வாரம் ஒன்றேகால் பவுண்டு' என்று தொகையாகவே எழுதிவிட்டேன்.

புகையிரதம் ஓர் இடத்தில் இருக்கிறது.

---

தில்லைவாசி எழுதியது:

என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்துகொள்கிறேன். 42 லட்சம் பவுண்டுக்குச் செப்பனீடு என்று எழுதினால், ஏதோ குழாய் ஒழுகலை அடைத்தது போல இருக்கிறது.

---

பொன்மலையான் எழுதியது:

குழாய் ஒழுகலையும்தான் அடைப்பார்கள்.

அது இருக்கட்டும், அடுத்த கட்டுரை தினசரி வேலையைப் பற்றி என்றீர்களே. கொதிகலனைக் கழுவி அடியில் படிந்த உப்பை வெளியேற்றுவதை 'வாஷ்அவுட்' என்போம். அதற்கு இப்போதே ஆரம்பித்தால் அடுத்த மாதத்துக்குள் கிடைக்கலாம்.